கணினியை நேரம் குறித்து நிறுத்துவதும், அது நிற்க மறுத்தால் பார்க்க வேண்டியவையும்

திருப்பூரில் ஏதேனும் ஒரு பனியன் கம்பெனியின் கணக்கு அறையில் இரவு எட்டரை மணிக்கு அமர்ந்திருந்து பார்த்தால், கணினியை நேரம் குறித்து நிறுத்தும் ஏற்பாடு எதற்கு என்பதை ஒருவரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது. ஒன்றரை ஷிப்ட் முடிந்து பவர் டேபிள்கள் ஓய்கின்றன. லைன் சூப்பர்வைசர் அன்றைக்கு இறங்கிய பீஸ் கணக்கைச் சொல்லிவிட்டு வண்டியை எடுக்கிறார். கணக்கு எழுதுபவர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு எழுகிறார். கடைசியாக வாட்ச்மேன் வந்து, அறை இருட்டாக இருப்பதைப் பார்த்து, எல்லாம் நின்றுவிட்டதாக எண்ணி மெயினை இறக்குகிறார். மேசைக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்கு அதன்பின் யுபிஎஸ் மட்டுமே துணை. அது கால் மணி நேரம் கத்தி ஓய்ந்ததும், திறந்தபடி கிடக்கும் கணக்குக் கோப்பும் சேர்ந்து விழுகிறது. மறுநாள் காலை அந்தக் கோப்பு ஒழுங்காகத் திறக்குமா என்பது பாதி அதிர்ஷ்டம்.

இப்படி விழுந்தவற்றைத் தூக்கி நிறுத்துவதே அன்றாட வேலையாகிவிட்டதால், கணினிகள் தாமாகவே முறையாக நின்றுவிடும்படி ஏற்பாடு செய்வதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. கீழே வருபவை பெரும்பாலும் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இரண்டுக்கும் பொதுவானவை. கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில், ‘ஷட்டவுன்’ என்பதை நடுவில் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாகத் தட்ட வேண்டும். சாய்கோட்டுக்குப் பின் எஸ், ஆர், ஏ என்று வருமிடங்களில் அந்த ஓர் எழுத்தை மட்டும் இட்டால் போதும். சாய்கோட்டுக்கு முன்னால் ஓர் இடைவெளி இருக்க வேண்டும்.

நேரத்தைக் குறிப்பதற்கு முன்

எட்டே முக்காலுக்கு எல்லாக் கணினிகளும் நின்றுவிட வேண்டும் என்று முதலாளி ஒரே வரியில் சொல்லிவிடுவார். அதை அப்படியே செய்தால் மறுநாளே ஏற்பாடு முழுவதையும் எடுத்துவிடச் சொல்வார் என்பது என் அனுபவம். ஒரே கட்டடத்தில் இருந்தாலும் பகுதிக்குப் பகுதி வேலை முடியும் நேரம் வேறு. செக்கிங், பேக்கிங் பகுதியின் பார்கோடு கணினி ஷிப்டோடு முடிந்துவிடும். கணக்கு அறைக்கு மற்ற நாளில் எட்டரை என்றால், சம்பளம் போடும் சனிக்கிழமையில் அது எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. கணினியில் வடிவம் வரையும் ‘கேட்’ பகுதியில் துணி வெட்டுவதற்கான மார்க்கர் போடுபவர், காலையில் கட்டிங் தொடங்குவதற்காக இரவோடு இரவாகக் கோப்பை முடித்துக் கொடுப்பார். ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கு விடியலில் வேலை தொடங்கும். நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரி புக்கிங் அலுவலகங்களில் கணினி நிற்பதே இல்லை, அங்கே நிறுத்தத்துக்குப் பதிலாக ஆள் குறைந்த நேரத்தில் வாரம் ஒரு மறுதொடக்கம் வைப்பதுதான் பொருந்தும். ஆகவே ஒரு வாரம் ஒவ்வொரு மேசையிலும் கடைசியாக எழுபவர் எப்போது எழுகிறார் என்பதைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகே நேரத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அறைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஜெர்மனியிலோ பிரான்சிலோ இருந்து ஆடை வாங்கும் பையர் மாலை ஐந்து மணிக்கு அனுப்பும் மெயில் குளிர்காலத்தில் நமக்கு இரவு ஒன்பதரைக்கும், கோடையில் எட்டரைக்கும் வந்து சேர்கிறது; இங்கிலாந்துப் பையர் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ள வேண்டும். மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்றும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், நாம் மாற்றுவதில்லை. கோடையில் ஒன்பதரைக்கு வைத்த நிறுத்தம், நவம்பர் பிறந்ததும் சாம்பிள் பற்றிய பதிலைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பவரின் கைக்குக் கீழேயே கணினியை அணைத்துவிடும். அந்த அறைக்கு மட்டும் ஆண்டுக்கு இருமுறை நேரத்தை மாற்ற வேண்டும் என்று நாட்காட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

ஒருநாளுக்கு மட்டும் நிறுத்த

பெரிய கோப்பு ஒன்று இறங்கிக்கொண்டிருக்கிறது, அல்லது பேக்கப் ஓடுகிறது, இன்னும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், அதற்காகக் காத்திருக்க முடியாது என்றால், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே நடத்தும் டாஸ்க் ஷெட்யூலர் என்ற விண்டோஸ் நிரல் வரை போக வேண்டியதில்லை. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் ‘ஷட்டவுன் /எஸ் /டி 3600’ என்று இட்டு என்டர் தட்டினால் போதும். எஸ் என்பது நிறுத்தத்தைக் குறிக்கிறது. டி என்பது டைம் என்ற சொல்லின் முதலெழுத்து. அதன்பின் வருவது நொடிக் கணக்கு: அரை மணி நேரத்துக்கு 1800, இரண்டு மணி நேரத்துக்கு 7200. நொடியைக் குறிப்பிடாமல் விட்டால் 30 நொடியில் நின்றுவிடும். எஸ் இருக்குமிடத்தில் ஆர் இட்டால் கணினி நின்று மீண்டும் தொடங்கும். ஏற்கெனவே ஒரு நிறுத்தம் காத்திருக்கும்போது இன்னொன்றைக் கொடுத்தால், முன்பே குறிக்கப்பட்டுவிட்டது என்று 1190 என்ற எண்ணோடு பிழை வரும். பழையதை ரத்து செய்துவிட்டே புதியதைக் கொடுக்க முடியும்.

இந்தக் கட்டளையில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நொடிக் கணக்கு சுழியத்துக்கு மேல் இருந்தால், திறந்திருக்கும் நிரல்களைக் கட்டாயமாக மூடும் எஃப் என்ற கட்டளையும் தானாகவே சேர்ந்துகொள்கிறது. அதாவது, நேரம் முடிந்ததும் ‘சேமிக்கட்டுமா’ என்று எந்த நிரலும் கேட்டுக்கொண்டு நிற்காது, சேமிக்காதது போய்விடும். ஆளில்லாத அறையில் இது நமக்கு வேண்டியதுதான், ஏனெனில் பதில் சொல்ல யாரும் இல்லாத ஒரு கேள்விக்காகக் கணினி இரவெல்லாம் விழித்திருக்காது. ஆள் இருக்கும் அறையிலோ இது ஆபத்து. எனவே கால அவகாசம் தாராளமாக இருக்க வேண்டும், முன்னறிவிப்பும் கண்ணுக்குப் படும்படி இருக்க வேண்டும். கட்டளையின் இறுதியில் ‘/சி’ என்று இட்டு, இரட்டை மேற்கோளுக்குள் செய்தியை எழுதினால் அது திரையில் தோன்றும். கமென்ட் என்பதன் முதலெழுத்து அது. ‘கணினி 15 நிமிடத்தில் நிற்கும், கோப்பைச் சேமிக்கவும்’ என்று தமிழிலேயே எழுதலாம்.

ரத்து செய்யும் கட்டளை ‘ஷட்டவுன் /ஏ’. இதை ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்வார்கள் என்று எதிர்பார்ப்பது வீண். டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் வலது சொடுக்கி, நியூ, ஷார்ட்கட் என்று போய், கேட்கும் இடத்தில் இந்தக் கட்டளையை இட்டு, ‘இன்று நிறுத்த வேண்டாம்’ என்று பெயர் வைத்துவிட்டால், வேலை முடியாதவர் அதை இரட்டைச் சொடுக்குச் செய்து தன் வேலையைத் தொடர்வார். நான் ஏற்பாடு செய்யும் ஒவ்வொரு கணினியிலும் நிறுத்தத்தை வைப்பதற்கு முன்பே இந்த ஷார்ட்கட்டை வைத்துவிடுகிறேன். தம் கையில் ரத்து இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இந்த ஏற்பாட்டை எதிர்ப்பதில்லை.

அன்றாட நிறுத்தம்

தினமும் தானாக நடக்க வேண்டும் என்றால் டாஸ்க் ஷெட்யூலர்தான் வழி. ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தேடித் திறந்து, வலப்பக்கத்தில் உள்ள ‘கிரியேட் டாஸ்க்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு மேலேயே ‘கிரியேட் பேசிக் டாஸ்க்’ என்று எளிமையான ஒன்று கண்ணைக் கவரும். அதில் நமக்கு வேண்டிய நிபந்தனைகளைத் தொடக்கத்திலேயே வைக்க முடியாது என்பதால் தவிர்த்துவிடலாம். ஜெனரல் பக்கத்தில் ‘இரவு நிறுத்தம்’ போல ஒரு பெயர் கொடுத்து, எந்தப் பயனர் என்ற இடத்தில் ‘சிஸ்டம்’ என்று மாற்றிக்கொண்டால், கணினியில் யார் உள்நுழைந்திருந்தாலும், ஒருவரும் நுழையாமல் இருந்தாலும், கடவுச்சொல் மாறினாலும் வேலை நடக்கும். ட்ரிகர்ஸ் பக்கத்தில் ‘வீக்லி’ என்பதைத் தேர்ந்து, திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு நேரமும், சனிக்கிழமைக்கு மட்டும் இன்னொரு ட்ரிகராகத் தனி நேரமும் வைக்கலாம். ஒரே வேலைக்கு எத்தனை ட்ரிகர் வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

ஆக்ஷன்ஸ் பக்கத்தில் புரோகிராம் என்ற கட்டத்தில் ‘ஷட்டவுன்’ என்ற சொல்லையும், அதற்குக் கீழே உள்ள ஆர்குமென்ட்ஸ் கட்டத்தில் ‘/எஸ் /டி 900’ என்பதையும் செய்தியையும் இட வேண்டும். எல்லாவற்றையும் முதல் கட்டத்திலேயே எழுதுவது வழக்கமான தவறு. எட்டு நாற்பதுக்கு வைத்தால் எட்டு ஐம்பத்தைந்துக்குக் கணினி நிற்கும், வாட்ச்மேன் ஒன்பது மணிக்கு மெயினை இறக்கலாம். அடுத்து வரும் கண்டிஷன்ஸ் பக்கம்தான் ஆட்களை அதிகம் ஏமாற்றுவது. மின்சாரத்தில் ஓடும்போது மட்டும் இந்த வேலையைத் தொடங்கு என்ற குறி அங்கே இயல்பாகவே இடப்பட்டிருக்கும். அது மடிக்கணினிக்கு மட்டும் உரியது என்று எண்ணி விட்டுவிடக்கூடாது. யுஎஸ்பி கேபிள் வழியாக இணைக்கப்பட்ட யுபிஎஸ்ஸை விண்டோஸ் ஒரு பேட்டரியாகவே கருதுகிறது. ஆகவே கரண்ட் போயிருக்கும் சமயத்தில், அதாவது நிறுத்தம் மிகவும் தேவைப்படும் சமயத்தில், வேலை தொடங்காமல் போய்விடும். அந்தக் குறியை எடுத்துவிட வேண்டும். கணினி சும்மா இருந்தால் மட்டும் தொடங்கு என்ற குறியைப் புதிதாக இடவும் வேண்டாம்.

செட்டிங்ஸ் பக்கத்தில், தவறிப்போன வேலையை முடிந்தவரை விரைவில் நடத்து என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. பேக்கப் போன்ற வேலைக்கு மிக நல்லது என்பதால், பழக்க தோஷத்தில் இதற்கும் அந்தக் குறியை ஒருமுறை இட்டுவிட்டேன். அந்தக் கம்பெனியில் சனிக்கிழமை சம்பள வேலை சீக்கிரம் முடிந்து, பில் போடும் தம்பி ஆறு மணிக்கே கணினியைக் கையால் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். எட்டரைக்குரிய வேலை தவறிப்போனதாகக் கணினி குறித்து வைத்துக்கொண்டது. திங்கட்கிழமை காலை அவர் ஆன் செய்து கால் மணி நேரத்தில், வெளியே டெம்போ நிற்க, இன்வாய்ஸ் பாதியில் இருக்க, கணினி நின்றுவிட்டது. இரண்டு மூன்று வாரம் இப்படியே நடந்த பிறகுதான் என்னை அழைத்தார்கள். “மத்த நாளெல்லாம் நல்லா ஓடுதுங்கண்ணா, திங்கக்கெழம மட்டும் வம்பு பண்ணுதுங்க” என்றார் தம்பி. அதற்குள் பக்கத்துக் கடையில் சொல்லி, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றியிருந்தார்கள். தவறு என்னுடையது என்று தெரிந்ததும், அந்த எஸ்எம்பிஎஸ்ஸின் விலையைக் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. நிறுத்தத்துக்கு உரிய வேலையில் அந்தக் குறி ஒருபோதும் இருக்கக் கூடாது.

எல்லாம் முடிந்தபின் பட்டியலில் அந்த வேலையின் மீது வலது சொடுக்கி ‘ரன்’ கொடுத்து, முன்னறிவிப்பு வருகிறதா, ஷார்ட்கட்டைச் சொடுக்கினால் ரத்தாகிறதா என்று அந்த மேசைக்காரரையே செய்து பார்க்கச் சொல்ல வேண்டும். நாம் செய்து காட்டுவது போதாது.

லினக்ஸ் போட்ட கணினிகளில் ‘சூடோ ஷட்டவுன் 20:45’ என்று நேரத்தையே கொடுத்துவிடலாம். அன்றாடத்துக்கு, குறித்த நேரத்தில் வேலைகளை நடத்தும் கிரான் பட்டியலில், நிர்வாகியான ரூட் பயனரின் பெயரில் ஒரு வரி போதும். மேக்கில் முன்பு அமைப்புகளுக்குள்ளேயே இருந்த கால அட்டவணைப் பக்கத்தை 2022இல் வந்த வென்ச்சுரா பதிப்பில் எடுத்துவிட்டார்கள். டெர்மினலில் ‘பிஎம்செட் ரிபீட் ஷட்டவுன்’ என்ற கட்டளையோடு கிழமை எழுத்துகளையும் நேரத்தையும் இட வேண்டும். அதில் வியாழனுக்குரிய எழுத்து ஆர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நிற்க வேண்டியது நிற்காவிட்டால்

கணினி நிற்கவில்லை என்று அழைப்பு வரும்போது ஒவ்வொருவரும் தமக்குப் பழகிய ஒன்றைச் செய்கிறார்கள். ஒருவர் விண்டோஸையே மாற்றிப் போடுகிறார், இன்னொருவர் ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்க்கிறார். முதலில் செய்ய வேண்டியது கணினி தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பைப் படிப்பது. ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போய், வலப்பக்கத்தில் உள்ள ‘ஃபில்டர்’ பெட்டியில் 1074, 6006, 6008, 41 ஆகிய எண்களைக் காற்புள்ளி இட்டுக் கொடுத்தால், நிறுத்தம் தொடர்பான வரிகள் மட்டும் வரிசையாக நிற்கும். 1074 என்றால் யாரோ அல்லது ஏதோ ஒரு நிரல் முறைப்படி நிறுத்தச் சொல்லியிருக்கிறது. எந்த நிரல், எந்தப் பயனர் என்பதும் அதிலேயே இருக்கும். 6006 என்றால் குறிப்பெழுதும் சேவை ஒழுங்காக மூடப்பட்டது, அதாவது நல்ல நிறுத்தம். 6008 என்றால் முந்தைய நிறுத்தம் எதிர்பாராதது. 41 என்றால் முறையாக நிற்காமலேயே கணினி மீண்டும் எழுந்தது. மின்சாரம் போனதோ, உறைந்துபோனதோ, பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்ததோ காரணமாக இருக்கலாம். மேலே சொன்ன திங்கட்கிழமைச் சங்கதியில் 1074 என்ற எண்ணோடு, சிஸ்டம் என்ற பயனரின் பெயரில், ஷட்டவுன் நிரலே நின்றுகொண்டிருந்தது. எஸ்எம்பிஎஸ் கெட்டிருந்தால் அங்கே 41 இருந்திருக்கும்.

கையால் நிறுத்தும்போது, இந்த நிரல் நிறுத்தத்தைத் தடுக்கிறது என்று நீலத்திரையில் ஒரு பட்டியல் வந்து நிற்பது மிகச் சாதாரணம். ‘எப்படியும் நிறுத்து’ என்ற பொத்தானை உடனே அழுத்தாமல், ‘கேன்சல்’ கொடுத்துத் திரும்பிப் போய், அந்த நிரல் என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் சேமிக்காத ஒரு கோப்போ, பிரின்டர் பேப்பர் இல்லாமல் பாதியில் நிற்கும் ஓர் அச்சுப் பணியோ பின்னால் ஒளிந்திருக்கும். தினமும் ஒரே நிரல் தடுத்தால் அதைப் புதுப்பிக்க வேண்டும், அல்லது நிறுத்துவதற்கு முன் அதை மூடும் பழக்கத்தைக் கொண்டுவர வேண்டும்.

நிறுத்தியதாகத் தோன்றி நிற்காமல் இருப்பது இன்னொரு வகை. பார்கோடு பிரின்டர் காலையில் வேலை செய்யாது, ரீஸ்டார்ட் கொடுத்தால் உடனே சரியாகும், மறுநாள் காலை மறுபடியும் அதே கதை என்றால், காரணம் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம். விண்டோஸ் 8 காலத்தில் வந்த ஏற்பாடு இது. ஷட்டவுன் கொடுக்கும்போது பயனரின் நிரல்களை மூடிவிட்டு, விண்டோஸின் உட்கருவையும், பிரின்டர் போன்ற சாதனங்களை இயக்கும் டிரைவர் நிரல்களையும் அப்படியே வட்டில் எழுதிவைத்து, காலையில் அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறது. திறப்பது விரைவாகிறது, ஆனால் டிரைவரில் விழுந்த சிக்கலும் நாட்கணக்கில் கூடவே வருகிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு பகுதியைப் பார்த்தால், தினமும் நிறுத்தும் கணினி கூடப் பன்னிரண்டு நாளாக ஓடிக்கொண்டிருப்பதாக ‘அப் டைம்’ காட்டும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம், அங்கே பூட்டியிருக்கும் அமைப்புகளைத் திறக்கும் இணைப்பு என்று போய், இந்தக் குறியை எடுத்துவிட வேண்டும். எஸ்எஸ்டி போட்ட கணினியில் இதனால் இழக்கும் நேரம் சில நொடிதான். மேலே சொன்ன ஷட்டவுன் கட்டளையும், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு மெனுவில் கொடுக்கும் ஷட்டவுனும் இந்த ஏற்பாட்டைத் தாண்டி முழுமையாகவே நிறுத்திவிடும்.

நிறுத்தம் பல நிமிடம் இழுத்தால், முதலில் அப்டேட் நிறுவப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் மெயினை இறக்குவதைவிடப் பெரிய கேடு வேறில்லை. அதுவும் இல்லையென்றால், நினைவகத்துக்குத் துணையாக வட்டில் இருக்கும் பேஜ் ஃபைலை நிறுத்தத்தின்போது அழிக்கச் சொல்லும் பாதுகாப்பு அமைப்பு ஏதேனும் இடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். அது இருந்தால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஜிபி கணக்கில் எழுதி முடித்தே கணினி நிற்கும். பின்னணியில் ஓடும் சேவைகளுக்குக் கொடுக்கப்படும் அவகாசத்தை, விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் குறைத்தால் விரைவாக நிற்கும் என்ற யோசனை இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கிறது. அந்த அவகாசம் ஏற்கெனவே 5000 மில்லி நொடி, அதாவது ஐந்து நொடிதான். கணக்குத் தரவுதளம் ஓடும் கணினியில் அதையும் குறைப்பது, எழுதிக்கொண்டிருப்பவரின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்குவதற்குச் சமம். நான் அதைத் தொடுவதில்லை. முற்றிலும் உறைந்துபோன கணினியைப் பவர் பொத்தானைப் பத்து நொடி வரை அழுத்திப் பிடித்து அணைக்கலாம். அப்படி அணைத்தால், மறுபடி திறந்ததும் நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்கும் ‘எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்’ கட்டளையை ஒருமுறை ஓட்டிவிடுவது நல்லது.

நிறுத்தியது தானாக எழுந்தால்

ஷட்டவுன் கொடுத்தால் அணைந்து மீண்டும் தொடங்குகிறது என்றால், நிற்கும் தறுவாயில் பிழை விழுந்து, பிழை விழுந்தால் மறுதொடக்கம் செய் என்ற இயல்பான அமைப்பு அதை எழுப்பிவிடுகிறது என்று பொருள். அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி என்ற பகுதிக்குப் போய் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்ற குறியை எடுத்துவிட்டால், அடுத்தமுறை பிழைத்திரை அப்படியே நிற்கும். அதில் வரும் பெயரைப் படித்து எந்த டிரைவர் என்று தேடலாம். ஆனால் நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பது வேறு. மாதாந்திரப் பராமரிப்புக்காக இபியில் காலையில் நிறுத்திய மின்சாரம் மாலையில் திரும்பும்போது, யாரும் தொடாமலேயே வரிசையாக எல்லாக் கணினிகளும் எழுந்துகொள்கின்றன. விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் இயங்கும் பயாஸில், மின்சாரம் திரும்பினால் என்ன செய்வது என்ற அமைப்பு ஆன் என்று இருப்பதுதான் காரணம். மதர்போர்டுக்கு மதர்போர்டு பெயர் மாறினாலும் ‘ஏசி பவர் லாஸ்’ என்ற சொற்கள் பெரும்பாலும் அதில் இருக்கும். மேசைக் கணினிகளுக்கு அதை ஆஃப் என்று வைத்துவிட வேண்டும். மின்சாரம் திரும்பும் முதல் சில நிமிடத்தில் வோல்டேஜ் ஏறியிறங்கும்போது கணினி ஓடாமல் இருப்பதே நல்லது. சர்வருக்கு மட்டும் ஆன் என்றே விட்டுவைக்கலாம். இதே பயாஸில் நெட்வொர்க் வழியாக எழுப்பும் ‘வேக் ஆன் லேன்’ தேவையில்லாமல் இயங்கினால் அதையும் அணைக்கலாம்.

கணினி நிறுத்தப்படாமல் உறக்கத்தில் இருந்து எழுகிறது என்றால் அது வேறு கணக்கு. கமாண்ட் பிராம்ப்டில் ‘பவர்சிஎஃப்ஜி /லாஸ்ட்வேக்’ என்று இட்டால் கடைசியாக எழுப்பியது எது என்று சொல்லிவிடும். பெரும்பாலும் மவுஸ் அல்லது நெட்வொர்க் கார்டு. அதே சொல்லோடு ‘/வேக்டைமர்ஸ்’ என்று இட்டால், எழுப்பக் காத்திருக்கும் வேலைகள் தெரியும்.

யுபிஎஸ்ஸைக் கணினியோடு பேச வைப்பது

2012ஆம் ஆண்டையொட்டிய மின்வெட்டுக் காலத்தில், நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் இங்கே தொழில் நடத்தியவர்களுக்கு ஜெனரேட்டரும் யுபிஎஸ்ஸும் மறக்க முடியாத செலவுகள். அப்போது வாங்கிய பழக்கத்தில் இன்றும் ஒவ்வொரு மேசைக்கும் கீழே 600 விஏ யுபிஎஸ் பெட்டி ஒன்று இருக்கிறது. அவற்றில் மலிவானவை பலவற்றில் கணினிக்குச் செய்தி சொல்லும் துளையே இல்லை. கரண்ட் போனது அந்தக் கணினிக்குத் தெரியவே தெரியாது. யுஎஸ்பி துளை உள்ள யுபிஎஸ் என்றால் கேபிளைப் பொருத்தி, பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில் புதிதாகத் தோன்றும் பேட்டரி என்ற தலைப்பின் கீழ், ‘கிரிட்டிக்கல்’ நிலையில் ஹைபர்னேட் செய் என்று வைக்கலாம். ஹைபர்னேட்டில் திறந்திருக்கும் வேலை வட்டில் எழுதப்படுவதால், சேமிக்காததும் தப்பிக்கிறது. கிரிட்டிக்கல் அளவு இயல்பாகவே மிகக் குறைவாக இருக்கும். இரண்டு மூன்று வருடம் ஓடிய பேட்டரி இன்னும் சார்ஜ் இருப்பதாகக் காட்டிக்கொண்டே திடீரென விழக்கூடியது என்பதால், நான் அதை 30 சதவீதம் வரை உயர்த்தி வைக்கிறேன். அதே சமயம், கரண்ட் போன நொடியிலேயே நிறுத்தும்படி வைக்கவும் கூடாது. ஜெனரேட்டர் ஆபரேட்டர் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு ஓடிவந்து செட்டை ஓட்டிவிடுவதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும்; அந்த இடைவெளியைத் தாங்கத்தான் யுபிஎஸ்.

கணினி எட்டு ஐம்பத்தைந்துக்கு ஒழுங்காக நின்றுவிட்டாலும் யுபிஎஸ் நின்றுவிடுவதில்லை. வாட்ச்மேன் மெயினை இறக்கியதும் அது ஆளில்லாத அறையில் கத்திக்கொண்டே பேட்டரியைக் காலி செய்கிறது. இப்படி இரவுதோறும் வற்றும் லெட் ஆசிட் பேட்டரி ஒரு வருடம் தாங்குவதே அரிது; தீபாவளி விடுமுறையில் ஒரு வாரம் வற்றிக் கிடந்தால் திரும்பி வரும்போது சார்ஜே ஏறாது. டாஸ்க் ஷெட்யூலர் அந்தப் பொத்தானை அழுத்தாது. அதனால் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் கெட்டி அட்டையில் பெரிய எழுத்தில், முதலில் கணினியின் பெட்டி விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அடுத்து யுபிஎஸ் பொத்தான், கடைசியில் மெயின் என்ற வரிசையை எழுதி ஒட்டி, வாட்ச்மேன் அண்ணனோடு இரண்டு நாள் இரவு ஒன்பது மணிக்கு நானும் கூடவே நடந்து காட்டிவிட்டு வருகிறேன்.